நான்காம் பக்கத்து வெள்ளை

அரண் அடி வாங்க மறுக்கிறான் என்று ஃபைசல் போனில் சொன்னபோது ஹேமலதா சிரித்தாள்.

"முப்பது வருஷமா வாங்கிட்டிருக்கான். லீவு கேக்குறானோ என்னவோ."

"லீவு இல்ல மேடம். நேர்ல வாங்க."

அரண் அவள் உண்டாக்கிய சித்திரக்கதை நாயகன். பறக்கத் தெரியாது. ஓடினால் மூச்சு வாங்கும். எங்கே போவதானாலும் பஸ்ஸில்தான் போவான். அவனுக்கு இருந்தது ஒரே சக்தி. கண்ணெதிரே இன்னொருவர் மேல் விழவிருக்கும் அடி, அவன் நினைத்தால் அவன் உடம்புக்கு மாறிவிடும். கத்திக்குத்து, தோட்டா, இடிந்து விழும் சுவர், ஒருமுறை ஒரு பெரியவருக்கு வந்த மாரடைப்பு. வலிக்கும். இரண்டு பக்கம் துடிப்பான். மூன்றாம் பக்கத்தில் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் ஏறுவான்.

முதல் புத்தகத்தை அவளே காசு போட்டு அச்சடித்தாள். கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு பின். புத்தகக் கண்காட்சியில் வாஸ்து நூல்கள் விற்கும் கடையொன்றின் ஓரத்தில் அடுக்கி வைத்தாள். அடுத்த வருடம் ராயப்பேட்டைப் பதிப்பாளர் ஒருவர் மாத இதழாக எடுத்துக்கொண்டார். வண்ணம் வந்தது. அவள் சாம்பல் நிறம் என்று எழுதிக் கொடுத்த சட்டையை வண்ணம் தீட்டியவர் நீலமாக்கினார். வாசகர்களுக்கு நீலம் பிடித்துவிட்டது. நடுவில் அவள் நோயில் படுத்திருந்த காலத்தில் வேறொருவர் எழுதி அவனைப் பறக்க விட்டார். வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அந்த மூன்று இதழ்களையும் பதிப்பாளரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அரண் இரண்டு முறை நின்றுபோய் இரண்டு முறை உயிர் பெற்றான். கடைசியில், கதைப் பாத்திரங்களைக் குழந்தைகளோடு திரையில் பேசவைக்கும் தரமணி நிறுவனம் ஒன்று அவனை வாங்கியது. அதன் பிறகு அரண் பேச ஆரம்பித்தான்.

அந்த நிறுவனத்தில் ஃபைசல் அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தான். ஹேமலதா நேரில் போனபோது, தூங்கி நாளாயிற்று என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"திருநெல்வேலில ஒரு பையன் மேடம். ராட்சசன் வர்றான், காப்பாத்துன்னு கூப்பிடறான். வெளையாட்டுதான். நம்ம ஆளு என்ன சொல்றான் தெரியுமா? 'தம்பி, ஒரு நிமிஷம், நான் ஏன் கையை விட்டேன்னு உனக்குத் தெரியுமா'ங்கறான். பையன் அழுதுட்டான். அவங்கப்பா எங்களைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாரு."

"எந்தக் கை?" என்றாள். அவளுக்குத் தெரியும்.

"தங்கச்சி கை. முதல் புத்தகம், நாலாம் பக்கம். இப்ப எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்குறான்."

"பேசாதன்னு சொல்ல முடியாதா?"

"சொன்னோம். 'சரிங்க'ன்னான். மறுநாள் மறுபடி கேட்டான்."

"நீங்களே ஒரு காரணம் சொல்லிட வேண்டியதுதானே?"

"சட்டம் விடாது மேடம். ஆரம்பத்துல வந்த பாத்திரங்க எல்லாம் ஆளுக்கு ஏத்த மாதிரி கதை விட்டுச்சு. ஒரு கொழந்தைகிட்ட 'நான் அநாதை'ன்னும், அடுத்த கொழந்தைகிட்ட 'எங்கம்மா காத்திட்டிருக்காங்க'ன்னும் சொல்லுச்சு. பிள்ளைங்க நம்பிடுச்சு. பெரிய வழக்காயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த விதி. அச்சுல வந்தது மட்டும்தான் அவனோட பழசு. அதுல இல்லாத எதையும் அவன் கற்பனை பண்ணக் கூடாது, நாங்களும் ஊட்டக் கூடாது."

"அச்சுல இல்லன்னா?"

"அவனுக்கும் இல்ல."

ஃபைசல் திரையில் நான்காம் பக்கத்தை வரவழைத்தான். அவள் அதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மூன்றாவது கட்டத்தில் சிறுவன் அரண் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்கிறான். நான்காவது கட்டத்தில் தண்ணீர் லாரி. அவன் கை காலியாக இருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு வெள்ளை. எல்லாச் சித்திரக்கதைகளிலும் அது இருக்கும். படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

"நீங்க பேசுங்க மேடம். உங்ககிட்ட மட்டும்தான் சிரிச்சுப் பேசுவான்."

அரண் திரையில் வந்தான்.

"வாங்க ஹேமாம்மா. இளைச்சுட்டீங்க."

"நீ அப்படியே இருக்க."

"எனக்கு வயசாக எங்க விட்டீங்க? முப்பது வருஷமா இருபத்தஞ்சு. சட்டை மாத்தக்கூட விடல."

"அந்த நீலம் எனக்கே பிடிக்காதுடா."

"நான் கேட்டு வாங்கின மாதிரி சொல்றீங்க."

அவன் வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. அவள்தான் அவனை அப்படி வரைந்து பழக்கியிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நீங்க என்ன சொன்னாலும் ஒத்துக்கறேன். மூக்கு அரிச்சுதுன்னாலும் சரி. ஏன் விட்டேன்?"

"எனக்குத் தெரியாது அரண்."

"நீங்கதானே எழுதினீங்க?"

"அந்த எடத்துல நான் ஒண்ணும் எழுதல. அது வெறும் வெள்ளை."

"வெள்ளைதான். அதுக்குள்ளதான் நின்னுட்டிருக்கேன்." அவன் தன் கையைப் பார்த்தான். "யார் மேல வர்ற அடியா இருந்தாலும் வாங்கிக்குவேன். வலிக்கும், அப்புறம் போயிடும். இது யார் மேல வந்த அடின்னே தெரியல. எப்படி வாங்கிக்கறது?"

வெளியே வந்ததும் ஃபைசல் விஷயத்துக்கு வந்தான். முதல் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு. நான்காம் பக்கத்தின் மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே புதிதாக ஒரே ஒரு கட்டம். அச்சில் வந்துவிட்டால் அது அவன் நினைவாகிவிடும்.

"எதுவா வேணா இருக்கட்டும் மேடம். காத்தாடி ஒண்ணு அறுந்து வருது, தங்கச்சி கையை உதறிட்டு ஓடுறா. பிரச்சினை முடிஞ்சுது."

"இல்லன்னா?"

"வெள்ளிக்கிழமைக்கு மேல மேலிடம் காத்திருக்காது. சுத்தம் பண்ணிடுவாங்க. தெனமும் காலைல புதுசா எழுந்திருப்பான். முந்தின நாள் ஒண்ணும் இருக்காது. யோசிச்சாதானே கேப்பான்?" அவன் தலையைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரில இருக்கற பிள்ளைங்க சில பேரு இவன்கூட மாசக்கணக்கா பேசுறாங்க. மறுநாள் அவங்ககிட்ட போயி 'உன் பேரு என்ன'ன்னு கேப்பான்."

"அவனுக்குச் சொல்லியாச்சா?"

"சொன்னோம். 'சரிங்க'ன்னான்."

வீட்டுக்கு வந்து ஹேமலதா மேசை விளக்கைப் போட்டாள்.

நான்காம் பக்கத்தை அவள் கற்பனை செய்யவில்லை. கொளத்தூரில் ஒரு பள்ளிக்கூட வாசல், மாலை நேரம். மகன் நிவேதனுக்குப் பதினொரு வயது. மகள் சஹானாவுக்கு எட்டு. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அடுத்த நொடி சாலையில் கிடந்தாள். மகள் போன மறு வருடம் கணவர் மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போனார். திரும்பவில்லை. நிவேதன் பேசுவதைக் குறைத்தான். சாப்பிட்டான், படித்தான், தூங்கினான். கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தான். அவனுக்காகத்தான் அவள் அரணை எழுதினாள். தங்கையின் கையை விட்ட ஒரு பையனுக்கு, உலகத்தின் அடிகளையெல்லாம் தாங்கும் சக்தி வருகிறது. முதல் பிரதியை அவனிடம்தான் கொடுத்தாள். நான்காம் பக்கம் வரை படித்தான். மூடி வைத்தான். அதற்குப் பிறகு ஒரு இதழையும் அவன் திறந்ததில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

கை ஏன் விட்டது என்றும் கேட்டதில்லை.

காற்றாடியை வரைந்தாள். அவள் கைக்கு அது எளிது. அறுந்த நூல், மேலே பார்க்கும் சிறுமி, உதறிய கை. நன்றாக வந்தது. சிறுமியின் முகத்தில் ஒரு பிடிவாதம் வந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளை தன் சாவுக்குத் தானே காரணமாகி, லட்சக்கணக்கான பிள்ளைகள் முன்னால் அப்படியே நிற்கப்போகிறாள். ஹேமலதா தாளைக் கிழித்தாள். இன்னும் சிறிதாகக் கிழித்தாள்.

காலையில் ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

நிவேதன் அங்கே ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். நாற்பத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். ஞாயிறுதோறும் அவளுக்குப் போன் செய்வான். சாப்பாடு, மாத்திரை, மழை. அவ்வளவுதான் பேச்சு.

கதவைத் திறந்தவன் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"சொல்லாம வந்திருக்க. பிரஷர் ஏதும் ஏறிடுச்சா?"

"அதெல்லாம் இல்லடா. ஒண்ணு கேக்கணும்."

"போன்ல கேட்டா காசா?" என்றபடி டீக்குத் தண்ணீர் வைத்தான்.

அவள் சமையலறை வாசலில் நின்றாள். உட்கார்ந்தால் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கு அவ கையை ஏன்டா விட்ட?"

நிவேதன் அடுப்பை அணைத்தான். திரும்பவில்லை.

"இத யாரு கேக்குறது? நீயா, அந்த நீலச் சட்டைக்காரனா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"அவன் கேட்டான். அவன் கேக்கலன்னா நான் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்." அவன் சிரிப்பது முதுகில் தெரிந்தது. "அப்பா கேட்டாரு. போலீஸ் கேட்டாங்க. ஸ்கூல்ல கிளாஸ் மிஸ் தனியா கூப்ட்டுக் கேட்டாங்க. நீ மட்டும் கேக்கல. அதுக்குப் பதிலா புக்கு போட்ட."

"உனக்கு ஆறுதலா இருக்கும்னுதான்..."

"கையை விட்டவனுக்கு சக்தி வரும்னு எழுதின. எனக்கு ஒண்ணும் வரலம்மா."

தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டே போனது. அது தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள்.

"அவங்க கேட்டப்ப என்ன சொன்ன?"

"கை வேர்த்துச்சு, வழுக்கிடுச்சுன்னேன்."

"நெசமா?"

"அதையே போட்டுக்கோம்மா. நல்ல காரணந்தான். எல்லாரும் நம்பினாங்க."

"நிவி."

"வேண்டாம்மா. டீ குடிச்சுட்டுக் கெளம்பு. பஸ்ஸு நான் ஏத்தி விடறேன்."

"நிவி, இங்க பாரு."

அவன் திரும்பினான். நரைத்த மீசை. அதற்குக் கீழே அதே சின்ன வாய்.

"இந்தக் கையில குடையும் பையும்," என்று இடக்கையைக் காட்டினான். "இந்தக் கையில அவ." வலக்கையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான், அந்த உயரத்துக்கு. "நீ எதிர்ப்பக்கம் வந்து நின்ன. தெனமும் கை காட்டுவியே, அது மாதிரி காட்டின. நானும் காட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னான்.

அவளுக்கு அந்த மாலை முழுவதும் நினைவிருந்தது. அலுவலகம் விட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. எதிரே பிள்ளைகளைப் பார்த்ததும் கையைத் தூக்கியது. பிறகு சாலையைக் கடக்க வண்டி வருகிறதா என்று வலப்பக்கம் திரும்பியது. திரும்பும்போது கைகள் கோத்திருந்தன. மறுபடி பார்த்தபோது லாரி நின்றிருந்தது. நடுவில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்ததை அப்படியே வரைந்திருந்தாள்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ புக்க குடுத்த. நாலாம் பக்கத்துல ரோடு இருக்கு, லாரி இருக்கு, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். நீ இல்ல. சரி, அம்மாவுக்கு இது தோணவே இல்ல, தோணாமலே போகட்டும்னு மூடி வெச்சுட்டேன்."

"பன்னெண்டு வயசுடா உனக்கு."

"ஆமா."

அவன் அடுப்பை மறுபடி பற்ற வைத்தான். தேயிலை போட்டான். சர்க்கரை கொஞ்சம் மேடையில் சிந்தியது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அத வரையாதம்மா. இத்தன வருஷம் நான் வெச்சிருந்ததுக்கு அர்த்தமில்லாம போயிடும்."

அவள் டீயைக் குடித்தாள். பஸ் நிலையத்துக்கு அவன் கூடவே வந்தான். சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடித்துக்கொள் என்று அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஃபைசல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாலையின் அந்தப் பக்கம் ஒரு பெண், கையைத் தூக்கியபடி. இந்தப் பக்கம் சிறுவன், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வலக்கையைத் தூக்கியிருக்கிறான். சிறுமியின் கை காற்றில்.

"யாரு மேடம் இவங்க? எந்தப் புக்கிலயும் வரலையே."

"அவனோட அம்மா. இனிமே வருவா."

ஃபைசல் தாளை மேசைமேல் வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான். "படிக்கறவங்க மொத்தப் பழியையும் இவங்க மேல போட்டுடுவாங்க."

"போடட்டும்."

"உங்களுக்கு வேணும்னா காத்தாடியே..."

"அச்சுக்கு அனுப்புப்பா."

வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வந்தது. சிறிது நேரத்தில் அவள் போன் அடித்தது. அரண் தானாக யாரையும் அழைத்ததில்லை.

"ஹேமாம்மா. எதிர்ப்பக்கம் நிக்கறது நீங்கதானே?"

"ஆமா."

"மூஞ்சிய மாத்தி வரைஞ்சிருக்கீங்க. ஆனா நீங்கதான்." அவன் மூச்சு விடுவது கேட்டது. அவனுக்கு மூச்சு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். "அத எடுத்துடுங்க."

"நீதானே கேட்ட?"

"தெரியாம கேட்டுட்டேன். ஃபைசல் சொன்ன காத்தாடியப் போடுங்க. மூக்கு அரிச்சுதுன்னு போடுங்க. நம்பிக்கறேன். இல்ல, என்னை சுத்தம் பண்ணிடச் சொல்லுங்க. தெனமும் புதுசா எழுந்திருக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"ஏன்டா?"

"உங்க மேல அடி விழுதும்மா. நான் பாத்துட்டு நிக்கறேன்."

ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் நிவேதன் ஒரு புத்தகத்தை மூடி வைத்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்போது அவள் பக்கத்து அறையில், புத்தகம் எப்படியிருக்கிறது என்று அவன் வந்து சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"இத நீ வாங்கிக்க முடியாது அரண். இத ஏற்கெனவே ஒருத்தன் வாங்கிட்டான்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீ போ. அந்தத் திருநெல்வேலிப் பையன் காத்திட்டிருப்பான்."

"போறேன்," என்றான். போனை வைக்காமல் இருந்தான். பிறகு வைத்தான்.

ஊர் பேசியது. அம்மாவால்தான் போயிற்று என்று சிலர். பெற்றவள் பிள்ளைக்குக் கைகாட்டுவது ஒரு குற்றமா என்று சிலர். அவள் எதையும் படிக்கவில்லை. அரண் மறுபடி அடி வாங்கத் தொடங்கிவிட்டான் என்று மட்டும் ஃபைசல் செய்தி அனுப்பியிருந்தான். நிவேதனிடமிருந்து ஒன்றுமில்லை. ஞாயிறு காலை போனது. மதியம் போனது. இனி அவன் கூப்பிடமாட்டான் என்று அவள் முடிவு செய்து விளக்கேற்றும் நேரத்தில் போன் அடித்தது.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

மழை பற்றி அவன் கேட்கவில்லை. மாத்திரை பற்றியும் கேட்கவில்லை. அவள் காத்திருந்தாள்.

"பாத்தேன்," என்றான்.

"போடாதன்னு சொன்ன. போட்டுட்டேன்."

"ம்."

"கோவமா?"

"ஜடை தப்பு."

அவளுக்குப் புரியவில்லை. "என்னது?"

"ரெட்டை ஜடை போட்டிருக்க அவளுக்கு. மொதல் புக்கிலயும் அப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஒத்தை ஜடைம்மா. காலைல நேரமாச்சுன்னு நீதான் ஒத்தையா பின்னி விட்ட. பஸ்ஸுல ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் அழுதா. சாயங்காலம் உன்னப் பாத்ததும் மொதல்ல அதத்தான் கேக்கணும்னு சொல்லிட்டே இருந்தா."

ஹேமலதா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டா," என்றாள். "நீ சொல்லு."